நசுக்காத கூடு

பிளக்கைப் பிடுங்கியது நானா ஹார்லனா என்று இன்று யாராவது கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நான்தான் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் என் இரண்டு கைகளும் அவனுடைய இடதுகையைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் அழுத்திப் பிடித்திருந்தன என்பதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. என் மனைவி டோரீன், ஹார்லனின் தங்கை, அன்று அந்தப் பட்டறையில் இல்லவே இல்லை. இருந்தும் அவளிடம் கேட்டால் பக்கத்தில் நின்று பார்த்தவளைப்போலச் சொல்வாள். அவள் சொல்லிச் சொல்லி எதெல்லாம் என் நினைவாக மாறிவிட்டது என்பதும் எனக்குத் தெரியாது. இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததும், துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் ஒவ்வொன்றாகச் செம்புச் சுருளுக்குள் இறங்கி, தேவைக்கு மேல் வெந்து, கீழே தகரத் தட்டில் விழுந்ததும் மட்டும் சந்தேகமில்லாமல் காதில் இருக்கிறது. டிங். கொஞ்சம் இடைவெளி. டிங்.

மனைவி ஐலா இறந்தபிறகு ஹார்லனால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. காலையில் எங்கள் வீட்டுக்கு வருவான். காப்பிக் கோப்பையைக் கையில் வாங்கி ஜன்னலோரம் நின்றபடியே பாதி குடிப்பான். ஸ்னோயி மலைகளைப் பார்ப்பான், தன் டிரக்கைப் பார்ப்பான், மீதிக் காப்பியை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். "உக்காருண்ணே, நாற்காலி ஒண்ணும் கடிக்காது" என்று டோரீன் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். கெட்டுப்போகாத வேலிக் கதவைக் கழற்றித் திரும்ப மாட்டினான். ஓய்வு பெறும்வரை வேலைபார்த்த கோதுமைக் கிடங்குக்கு வண்டியை ஓட்டிப்போய், லாரிகள் எடைமேடையில் ஏறி இறங்குவதைச் சும்மா நின்று பார்த்தான். அங்கிருந்த பையன்கள் முதலில் பேச்சுக் கொடுத்தார்கள், பிறகு கையை மட்டும் தூக்கினார்கள். நானும் அவனும் லூயிஸ்டவுன் பள்ளியில் ஒரே வகுப்பு. அவன் தங்கையைக் கட்டியதிலிருந்து அவனுக்கு நான் மாப்பிள்ளை, எனக்கு அவன் மச்சான். இத்தனை வருடத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று நான் பார்த்தது அப்போதுதான். கைகளைக் கட்டிவைக்காவிட்டால் அவை எங்காவது ஓடிவிடும் என்பதுபோல நிற்பான்.

ஐலாவின் துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா கிடையாது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. குளிர்காலம் நீளம், ஆளுக்கொரு கிறுக்கு. அவளுக்கென்று ஒரு அளவு மனதில் இருந்தது. ஊரில் துப்பாக்கி செய்பவரிடம் சொல்லி, குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறையை அந்த அளவுக்கே குடைந்து வாங்கினாள். வேறொரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை வாங்கி, அழுத்திச் சுருக்கி, மருந்தும் குண்டும் வைத்து ஒருமுறை சுட வேண்டும். உள்ளே வெடிக்கும் வேகத்தில் பித்தளை உப்பி அந்த அறையின் வடிவத்துக்கே வந்துவிடும். அதற்குப்பிறகுதான் அது அந்தத் துப்பாக்கியின் கூடு. ஹார்லன் வீட்டு அலமாரியில் காப்பி டப்பா ஒன்றில் இருந்த கூடுகள் எல்லாம் அப்படி வடிவம் பெற்றவை. ஒவ்வொன்றையும் உப்ப வைத்தது ஐலா சுட்ட ஒரு குண்டு. அவள் தோள் வாங்கிய ஒரு அடி.

பித்தளைக்கு ஒரு குணம் உண்டு. சுடும்போது உப்பும், திரும்ப நிரப்புவதற்காக அச்சில் அழுத்தும்போது சுருங்கும், மறுபடி உப்பும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் இறுகி ஒடிவதுபோல, கூட்டின் கழுத்தும் இறுகி ஒருநாள் நீளவாக்கில் விரிசல் விடும். மனைவி போனபிறகு ஹார்லன் அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜல்லிக்குழிக்குப் போய் எதையும் குறிவைக்காமல் சுட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் சில கழுத்துகள் பிளந்தன. ஒருநாள் பிளந்தவற்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு எங்கள் வாசலில் நின்றான். அதே வாரம்தான் ஸ்போக்கேனிலிருந்து மகள் மாரிட் தொலைபேசியில் பேசியிருந்தாள். இந்த வருடம் வேட்டைக்கு வருகிறேன், அம்மாவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று. அம்மா இறந்தபிறகு அவள் ஊர்ப்பக்கம் வருவதே அதுதான் முதல்முறை.

"மாப்ளே, ஒரு மெஷின் பண்ணணும்" என்றான்.

கழுத்துக்கு மட்டும் நொடிநேரம் சூடு காட்டினால் இறுகிய பித்தளை இளகிவிடும். மறுபடி பல தடவை சுடலாம். எங்கள் ஊரில் பாதிப்பேர் கேஸ் அடுப்புத் தீயில் காட்டுவார்கள்.

"பர்னர்ல காட்டினாப் போதாதா?"

"அது கண்ணளவு. ஐலாவோடத கண்ணளவுக்கு விட மாட்டேன்."

"அப்ப கடையில விக்கிறானே மச்சான், கரென்ட் மெஷின். வாங்கிடேன்."

"வாங்கி வெச்சுட்டு? பக்கத்துல உக்காந்து அதோட மூஞ்சியப் பாத்துட்டிருக்கவா?"

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. தொலைபேசிக் கம்பெனியில் கம்பம் ஏறியே காலம் கழித்தவன் நான். மின்சாரத்தில் அவனைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும், அவ்வளவுதான். கோடை முழுவதும் அவன் பட்டறையில் கழிந்தது. இணையத்தில் வாங்கிய ஒரு சூடேற்றும் சர்க்யூட் பலகை, யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மின்வழங்கி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரரிடம் கேட்டு வாங்கிய மெல்லிய செம்புக்குழாய், சுருள் சூடாகாமல் இருக்க அதற்குள் தண்ணீர் ஓட்ட மீன்தொட்டி மோட்டார், கூடுகள் ஒவ்வொன்றாகத் தானே சுருளுக்குள் இறங்கச் சரிவான ஒரு தகரத் தடம், கூட்டைத் தாங்கி நிறுத்திவிட்டு நேரம் முடிந்ததும் கீழே விட ஒரு சின்னக் கதவு, அதை இழுக்கப் பழைய வாஷிங் மெஷினின் காந்தம். குழாயை ஒரு குச்சியின்மேல் சுற்றிச் சுருளாக்குவதற்குள் நாலைந்து முறை நசுங்கிப்போயிற்று. உள்ளே உப்பை நிரப்பிச் சுற்று என்றேன். உப்பை எடுக்கச் சமையலறைக்குப் போனவன் திரும்பி வர வெகுநேரமாயிற்று. போய்ப் பார்த்தால், ஐலாவின் மசாலா அலமாரியை முழுக்கக் கீழே இறக்கித் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

முதல் பலகை புகைந்து செத்தது. மின்னழுத்தத்தை அவன் பயந்து பயந்து மெதுவாக ஏற்றியிருந்தான். அந்தச் சர்க்யூட்டுக்கு அது ஆகாது. கொடுத்தால் முழுதாக ஒரே அடியில் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தன்னையே பொசுக்கிக்கொள்ளும்.

"உன்னைய மாதிரியே இருக்கு" என்றேன்.

"என்னைய மாதிரின்னா ஒழுங்கா வேலை செய்யும்டா. இது உன்னைய மாதிரி. சும்மா நின்னு புகையும்."

அன்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சநேரம் நீடித்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது. ஆனால் அதற்குள் எழுந்து அடுத்த பலகைக்கு ஆர்டர் போடப் போய்விட்டான்.

இந்த வேலையில் ஒரு பயமும் உண்டு. கூட்டின் கழுத்து இளகலாம், அடிப்பாகம் இளகவே கூடாது. வெடிக்கும்போது பின்பக்கம் தாங்கி நிற்பது அந்த அடிதான். அது மெத்தென்று ஆகியிருந்தால் வெடிவாயு பின்னால் பீறிட்டு வரும். சுடுபவரின் கன்னமும் கண்ணும் அங்கேதான் இருக்கின்றன. அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கெட்ட கூடு என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே இடுக்கியை எடுத்து அதன் வாயை நசுக்கிவிடுவோம். நசுக்கிய கூட்டைத் தெரியாமல்கூட யாரும் நிரப்ப முடியாது. ஐலா இதில் ரொம்பக் கறார். விருந்துக்கு வந்த இடத்தில்கூட, அடுத்தவர் மேசையில் விரிசல் விட்ட கூடு கிடந்தால் பேச்சை நிறுத்தாமலே எடுத்து நசுக்கிவிட்டு அந்தப் பேச்சைத் தொடருவாள். சோதனைக்கென்று ஜல்லிக்குழியில் பொறுக்கிய மற்றவர்களின் கூடுகளில் வெந்துபோனதை எல்லாம் நானும் ஹார்லனும் அவ்வப்போதே நசுக்கிக்கொண்டுதான் இருந்தோம். பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, கழுத்தில் செம்மை லேசாகக் கண்ணுக்குப் படும் நொடிக்குச் சற்று முன்னால் கதவு திறக்கும்படி நேரத்தை வைத்தோம். கழுத்துக்குக் கீழே கூடு அகலும் தோள்வரை ஒரு நீலப்பட்டை படியும், அதற்குக் கீழே பித்தளை பித்தளையாகவே இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மாரிட் வருவதற்கு முந்தைய நாள் மதியம் காப்பி டப்பாவைக் கவிழ்த்து ஐலாவின் கூடுகளை ஓட்ட ஆரம்பித்தோம். பாதிக்குமேல் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒன்று கதவில் சாய்ந்து சிக்கியது. ஹார்லன் யோசிக்காமல் இடதுகை விரலை விட்டு நெம்பினான். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலைசெய் என்று கோடை முழுவதும் சொல்லியிருந்தேன். கழற்றவில்லை. தனக்குள் வந்த உலோகம் எதையும் தீயில்லாமலே பழுக்கவைக்கும் அந்தச் சுருளுக்கு மோதிரமும் ஒன்றுதான், கூட்டின் கழுத்தும் ஒன்றுதான். அவன் கத்திக்கொண்டு கையை இழுத்த வேகத்தில் நேரம் வைக்கும் குமிழில் இடித்து அதைத் திருப்பிவிட்டான். அதை இருவருமே கவனிக்கவில்லை. அவனைத் தொட்டிக்கு இழுத்துப்போய்க் குழாயைத் திறந்தேன். மோதிரத்துக்கு அடியில் தோல் வெளுத்து வளையமாகக் கொப்பளித்திருந்தது.

"கழட்டு மச்சான், வீங்கிடும்."

"கழட்ட மாட்டேன்."

"விரலே போயிடும்டா."

"போகட்டும். பத்து இருக்குல்ல."

முதுகுக்குப் பின்னால் டிங். டிங். இடைவெளி நீண்டுபோயிருந்தது எங்களுக்கு எப்போது உறைத்தது என்று தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைப் பார்த்தபோது, மேலாகக் கிடந்தவற்றில் சிலவற்றின் நிறம் அடிவரை இறங்கிப் பழுப்பாகியிருந்தது. நான்கு என்பேன் நான். ஏழெட்டு என்றான் ஹார்லன், பிறகு மூன்று என்றான். அப்போது கண்ணால் பார்த்தாலே பிரித்துவிடலாம். நான் இடுக்கியை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. ஒரு கூட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டிலேயே போட்டான்.

"கை எரியுது மாப்ளே. மாரிட்டக் கூட்டிட்டு வந்து பாத்துக்கலாம்."

நசுக்க மனம் வரவில்லை என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். இடுக்கியைத் தட்டின் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பில்லிங்ஸ் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். போகும்போது காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. மாரிட் மெலிந்திருந்தாள், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கழுத்தைச் சாய்த்து அவள் அப்பாவைப் பார்த்த விதம் அப்படியே ஐலா. அவனும் அதைக் கண்டான் என்று நினைக்கிறேன், உடனே பெட்டியைத் தூக்கக் குனிந்துவிட்டான். திரும்பும் வழியில் அவள் முன்னிருக்கையில் இருந்தாள். ஜூடித் கேப் ஊரைத் தாண்டியதும் சொன்னாள்.

"இப்பவும் கனவுல அம்மாவோட விசில் கேக்குதுப்பா."

ஐலா வேட்டையில் ரேடியோ வைத்துக்கொள்ளமாட்டாள். ஓடைப்பள்ளத்தின் இந்தக் கரையில் அவள் போனால் அந்தக் கரையில் ஹார்லன் போவான். சைகை காட்ட வேண்டுமென்றால் சுட்ட கூடு ஒன்றைக் கீழுதட்டில் வைத்து வாயோரம் ஊதுவாள். ஊசிபோல மெல்லிய சத்தம், காற்றைத் துளைத்துக்கொண்டு பள்ளத்தைத் தாண்டிப் போகும். பல வருடங்கள் காதை மூடாமல் சுட்டும், கிடங்கு இரைச்சலில் நின்றும் ஹார்லனுக்குக் காது பாதிக்குமேல் போய்விட்டிருந்தது. மேசையில் எதிரே உட்கார்ந்து பேசினாலே இருமுறை சொல்லவேண்டும். ஆனால் அந்த விசிலுக்கு மட்டும் அவன் கை உடனே உயரும். நானே பார்த்திருக்கிறேன். "இவனுக்குப் பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் காது முளைச்சிரும்" என்று கேலி செய்ததும் நான்தான்.

"ஊசி மாதிரி இருக்கும், இல்லப்பா?"

ஹார்லன் சாலையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

வண்டியை விட்டு இறங்கும்போதே பட்டறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. கூடுகளைப் பளபளப்பாக்க ஹார்லன் வைத்திருந்த உருளும் தொட்டியின் சத்தம். மக்காச்சோளத் தக்கைத் தூளோடு மணிக்கணக்காக உருட்டினால் பித்தளை தங்கம்போல் வரும். ஹார்லனுக்குக் கேட்டிருக்காது. நான் அவனுக்கு முன்னால் ஓடினேன். டோரீன் இடுப்பில் ஏப்ரனோடு பட்டறை வாசலில் நின்றிருந்தாள். மாரிட் வருகிறாள் என்று வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவள்.

"பாத்தீங்களா? புதுசு மாதிரி ஆயிடுச்சு! அத்தனையும் கன்னங்கரேர்னு கறை படிஞ்சு கெடந்துச்சு. ஐலா அண்ணி இருந்தா இப்படி அழுக்கா அந்தப் பொண்ணு கையில குடுப்பாங்களா?"

தட்டு காலியாக இருந்தது. இடுக்கி வைத்த இடத்திலேயே இருந்தது. தொட்டிக்குள் கூடுகள் எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே மினுமினுப்பில் புரண்டுகொண்டிருந்தன. நீலப்பட்டை எதிலும் இல்லை. பழுப்பும் எதிலும் இல்லை.

ஹார்லன் உள்ளே வந்து பார்த்தான். ஒரு பிடி அள்ளினான். கையிலிருந்து தூள் உதிர்ந்தது. டோரீன் என் முகத்தைப் பார்த்தாள். வெந்த கூடுகளும் அதில் கலந்துவிட்டதை நான் சொன்னேன். அவள் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு என்னங்க தெரியும்? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"உன்மேல தப்பில்ல" என்றான் ஹார்லன். அவளைப் பார்க்காமலே சொன்னான். பிறகு கூடுகளை ஒரு துணியில் கொட்டி ஒவ்வொன்றாக நிற்கவைத்தான். "ஒண்ணும் மோசமில்ல. நான் சுட்டுப் பாக்குறேன். ஜல்லிக்குழிக்குப் போயி ஒவ்வொண்ணா. கெட்டது எதுன்னு தானா தெரிஞ்சிடும்."

"எப்படித் தெரியும்பா?" என்றாள் மாரிட்.

"தெரியும்."

"உங்க மூஞ்சில வெடிச்சாத் தெரியும், அதானே?"

"இருக்கிற வயசுக்கு இந்த மூஞ்சி போதும்டீ."

"சரி. நீங்க சுடுறப்ப நானும் பக்கத்துலயே நிப்பேன். உங்க தோள்மேல கன்னத்த வெச்சுக்கிட்டு. கெளம்புங்க, போலாம்."

அவள் நிஜமாகவே வாசலில் மாட்டியிருந்த ஆரஞ்சுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹார்லன்தான் முதலில் கண்ணை எடுத்தான். பட்டறைக்குள் இரண்டு நடை நடந்தான். பிறகு மூலையில் கிடந்த தண்டவாளத் துண்டை இழுத்து மேசைமேல் வைத்தான்.

"சத்தத்துல கண்டுபிடிச்சிடலாம். வெந்து போனது மந்தமாக் கேக்கும். நல்லது கணீர்னு கேக்கும்."

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. கைநிறையக் குலுக்கியே விரிசல் விட்டதைப் பிரித்துவிடுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வெந்த அடியை அப்படிக் கண்டுபிடித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவன் மேசைமேல் குனிந்து, நல்ல காது என்று அவன் நம்பிய காதைத் தண்டவாளத்தின் பக்கமாகச் சாய்த்து, ஒரு கூட்டைச் சாண் உயரத்திலிருந்து விட்டான். கேட்டான். நல்லதென்று வலப்பக்கம் வைத்தான். அடுத்தது. வலப்பக்கம். அடுத்ததை இருமுறை விட்டுப் பார்த்துவிட்டு இடப்பக்கம் வைத்தான். அவன் முகத்தில் இருந்த கவனத்தைப் பார்த்தால் அவனுக்கு எல்லாம் கேட்கிறது என்று எவரும் நம்பியிருப்பார்கள். நானும் கொஞ்சநேரம் நம்பினேன். எனக்குத்தான் வித்தியாசம் தெரியவில்லை போலும் என்று நினைத்தேன். வலப்பக்கக் குவியல் வளர்ந்துகொண்டே வந்தது.

மாரிட் அந்த வலப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். கூட்டைக் கீழுதட்டில் வைத்து ஊதினாள்.

அந்தச் சின்னப் பட்டறைக்குள் அது கத்திபோலப் பாய்ந்தது. டோரீன் தோளைக் குறுக்கிக்கொண்டாள். எனக்குப் பல் கூசியது. வெளியே காக்கை ஒன்று கூரையிலிருந்து எழுந்து போயிற்று. மாரிட் மூச்சு எடுத்துக்கொண்டு இன்னொரு முறை ஊதினாள், நீளமாக, அவள் அம்மா பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊதுவாளே, அப்படியே.

ஹார்லன் திரும்பவில்லை. இன்னொரு கூட்டைத் தண்டவாளத்தின்மேல் விட்டான். தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தான்.

"மாப்ளே, இது மந்தமாவா இருந்துச்சு?" என்றான்.

என் கண் மாரிட்டிடமே இருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், டோரீனைப் பார்த்தான். எங்கள் பார்வை போன வழியே திரும்பினான். மகளின் உதட்டிலிருந்து கூடு இன்னும் இறங்கியிருக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குப்பிறகு அந்த மௌனத்துக்குள் நான் பலமுறை திரும்பப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது வேறு வேறு நீளமாக இருக்கிறது. கடைசியில் ஹார்லன் முக்காலியை இழுத்து உட்கார்ந்தான். உட்கார்ந்தே விட்டான்.

"ரொம்ப வருஷமாவே கேக்கல" என்றான். "பைனாகுலர்ல அவளையே பாத்துட்டிருப்பேன். கை வாய்க்குப் போச்சுன்னா என் கையத் தூக்கிடுவேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தான். "கேக்கல நான்" என்றான்.

வேட்டைக்குப் போனவன் மானைத் தேடாமல் மனைவியையே நாள் முழுக்கப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பல வருடம் வெறுங்கையோடு திரும்பியவனை நாங்கள் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம். அது எனக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மாரிட் இடுக்கியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். கூடுகளின் பக்கம் கையைக் காட்டவில்லை.

ஹார்லன் முதல் கூட்டை எடுத்தான். இடுக்கியின் வாயில் வைத்தான். அழுத்தவில்லை. பிறகு அழுத்தினான். இளகிய கழுத்து என்பதால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தகடுபோலப் படிந்தது. அவ்வளவு நேர்த்தியாக இளகியிருந்தது. அந்த இயந்திரம் நன்றாகவே வேலைசெய்திருந்தது. ஒவ்வொன்றாக நசுக்கி நசுக்கி டப்பாவில் போட்டான். நடுவில் டோரீன் அழுதுகொண்டே வீட்டுக்குள் போய் அடுப்பில் இருந்த சில்லிக் குழம்பைக் கிளறிவிட்டு வந்தாள். யாரும் அவனுக்கு உதவிசெய்யப் போகவில்லை. எல்லாவற்றையும் நசுக்கினான் என்றுதான் என் கண் சொல்கிறது. ஒன்று மட்டும் சட்டைப்பைக்குள் போயிற்று என்கிறாள் டோரீன்.

மறுநாள் துப்பாக்கி செய்பவரிடம் போய்ப் புதுக்கூடுகள் வாங்கி வந்தோம். ஹார்லன் அவற்றைச் சுருக்கிக் கொடுக்க, மாரிட் ஜல்லிக்குழியில் வரிசையாகச் சுட்டாள். ஒவ்வொன்றும் உப்பிச் சூடாக வெளியே வந்து விழுந்தது. அவள் தோளில் மறுநாளே ரத்தம் கட்டி நீலமாகியிருந்தது. ஹார்லன் விழுந்தவற்றைக் குனிந்து பொறுக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். அளவுகோலை வைத்தும் பார்த்தான். "அதே அளவுதான்" என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் குரலில் இருந்தது ஆறுதலா ஏமாற்றமா என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வருட வேட்டையில் மாரிட் ஒரு பெண்மானைச் சுட்டாள். ஹார்லன் எதிர்க்கரையில் இருந்தான். பைனாகுலர் அவன் கழுத்தில் தொங்கியது.

இவையெல்லாம் நடந்து காலம் ஆகிவிட்டது. துப்பாக்கி மாரிட்டிடம் இருக்கிறது. அவளுக்குக் கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல், இப்போது தனியாகவும் நன்றாகவும் இருக்கிறாள். கோடைதோறும் அவளுடைய கூடுகள், கழுத்தை இளக்கித் தருவதற்காக, பார்சலில் எனக்கு வரும். இயந்திரம் என் நிலவறையில் இருக்கிறது. குமிழைத் தகரப்பெட்டி போட்டு மூடிவிட்டேன். என் மோதிரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அதன் பக்கத்தில் போகிறேன். டோரீனுக்கு முழங்கால் வலி, மற்றபடி குறையில்லை. அனுமதி கேட்காமல் இப்போது எதையும் துடைப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறாள், ஆனால் துடைக்கிறாள். அந்தத் துப்பாக்கி செய்பவர் காலமாகிவிட்டார். நசுங்கிய கூடுகள் இருந்த டப்பா என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, ஹார்லன் வீட்டை விற்றபோது மற்ற பழைய உலோகத்தோடு போயிருக்கலாம்.

ஹார்லன் ஸ்போக்கேனில் மகள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறான். விரலில் வளையமாக ஒரு வெள்ளைத் தழும்பு, அதன்மேல் மோதிரம். காது முழுவதும் போய்விட்டது. மாரிட் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தாள், அவன் மாட்டுவதில்லை. போன வசந்தத்தில் பார்க்கப் போனபோது ஜன்னல் வழியாக அவனைக் கண்டேன். முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துக் கட்டைவிரலால் துடைத்துக் கீழுதட்டில் வைத்தான். கன்னம் உப்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பக்கத்து வீட்டு நாய் தலையைத் தூக்கி, காதுகளை நிமிர்த்தி அவனைப் பார்த்தது. அவன் நாயைப் பார்க்கவில்லை. தூரத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு, மூச்சு எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை ஊதினான்.